பள்ளி நல்ல பள்ளிதான், ஆனால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது

2024 ஜூனிலிருந்து என் மகள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போய்வருகிறாள். அதற்கு முன் எங்கள் ஊரிலேயே தொடக்கப் பள்ளி இருந்தது, கடைசி வருஷம் அதில் மொத்தம் 9 பிள்ளைகள். ஹெச்.எம். அந்த மே மாதம் ஓய்வு பெற்றார், இருந்த ஒரு டீச்சரையும் மாற்றுப் பணியில் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள், பிள்ளைகளை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டு, போய்வர ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். மூடவில்லை, தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, எங்கள் பள்ளிக் கதவில் பூட்டு அப்படியே தொங்குகிறது.

சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு மூன்று ஊர்களில் இதே பேச்சு ஓடுகிறது. "சேர்த்தால் நல்லதா கெட்டதா, நீங்கதான் அனுபவப்பட்டிருக்கீங்களே" என்று எனக்குத் தெரிந்த அம்மாக்கள் போன் பண்ணிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. மதிப்பெண் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு, பள்ளிக்கு 4, ஆட்டோவுக்கு இரண்டரை, இடம் பார்த்துத் திட்டம் போட்டதற்கு 1. அந்த 1 கூட, ஆட்டோ என்று ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதற்காக.

பள்ளியைப் பற்றி நல்லதைத்தான் சொல்லணும். எங்கள் பழைய பள்ளியில் டீச்சர் தங்கமான மனுஷி, ஆனால் ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டே நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். ஹெச்.எம். பாதி நாள் கூட்டம், மீதி நாள் எமிஸ் என்கிற கல்வித் துறை ஆப்பில் பதிவு ஏற்றுவது. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தில் உள்ள கணக்கு, அதனால் 9 பேருக்கு இரண்டு பேர் என்று பார்த்தால் ஏராளம் போலத் தெரியும், நேரில் போய்ப் பார்த்தால்தான் அது ஒரு ஆள் பள்ளி என்பது புரியும். என் மகளுக்கு அவள் வகுப்பில் ஒரே ஒரு பையன்தான் கூட. மூன்று வருஷம் முதல் ரேங்கும் இவள்தான், இரண்டாவது ரேங்கும் அவன்தான். கோகோ விளையாட ஒரு அணிக்கு 9 பேர் வேண்டும், அந்தப் பக்கம் நிற்க ஆள் கிடையாது.

புதுப் பள்ளியில் அவள் வகுப்பில் 17 பேர். முதல் மாதப் பரீட்சையில் ஆறாவதாக வந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள், அப்புறம் தானாகவே புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். அதுவரை அவளை நான்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. கணக்குக்கு ஒரு சார், ஆங்கிலத்துக்கு ஒரு டீச்சர், ஆறாம் வகுப்புக்கு மேல் கம்ப்யூட்டர் லேப், நூலகப் பீரோ திறந்தே இருக்கிறது. சாயங்காலம் வந்ததும் யாரோடு சண்டை, யாரோடு சேர்ந்தாச்சு என்று ஒரு மணி நேரம் கதை சொல்கிறாள். பிள்ளைக்குத் தன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் வேண்டும், அது பாடம் அளவுக்கே முக்கியம். சேர்ப்பதே தப்பு என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை என்பது என் எண்ணம். அதனால்தான் 4.

இப்போது இடத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய் கிடக்கிறது. சித்திரை வைகாசியில் நீங்கள் வந்தால் கண்மாய் என்றே தெரியாது, வெடித்த மண்ணும் சீமைக்கருவேலமும்தான். நடுவில் ஒற்றையடிப் பாதை ஓடும், பைக்கே போகும், பத்து நிமிஷத்தில் பள்ளி வாசல். தூரம் பார்க்க வந்தவர்கள் மே மாதம்தான் வந்தார்கள். போனில் மேப்பைத் திறந்து வைத்துப் பார்த்து, ஒரு கிலோமீட்டருக்குள்தான் வருகிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அது பொய்யும் இல்லை. ஐப்பசி பிறந்து வரத்துக் கால்வாயில் தண்ணீர் இறங்கினால் அந்தப் பாதை காணாமல் போய்விடும், கார்த்திகையில் என் இடுப்புக்கு மேலே நிற்கும். அப்புறம் கரையைச் சுற்றி, மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி இறங்கினால் மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. கலுங்கில் தண்ணீர் மறுகால் பாய்கிற நாட்களில் அதுவும் கிடையாது, இன்னொரு ஊரைச் சுற்றணும். தை மாசிக்குப் பிறகுதான் பாதை மறுபடி தலை காட்டும். ஆக, படிப்பு நடக்கிற பத்து மாதத்தில் கிட்டத்தட்ட நாலைந்து மாதம் அந்த 'ஒரு கிலோமீட்டர்' என்பதே இல்லை. ஊரில் ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, நாங்களும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஐயா வந்திருக்கிறார், பெரிய ஆபீசர், என்ன சொல்வது என்று நின்றுவிட்டோம். அது எங்கள் பக்கத் தப்பு, இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

தூரத்துக்குச் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அருகாமைப் பள்ளி என்கிறது. 2010-ல் மத்திய அரசு போட்ட விதிகளில், ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு நடக்கிற தூரத்தில் ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் என்று இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. வெள்ளம், நிலச்சரிவு, ரோடு இல்லாமை, சின்னப் பிள்ளைகளுக்கு வழியில் ஆபத்து என்று இருந்தால் அந்தத் தூரத்தை இன்னும் குறைத்துத்தான் பள்ளியை வைக்கணும் என்றும் போட்டிருக்கிறது. நடக்கிற தூரம் என்றால் பிள்ளையின் கால் நடக்கிற தூரம். மேப்பில் இரண்டு புள்ளிக்கு நடுவே இழுத்த கோடு இல்லை.

ஆட்டோவுக்கு ஏன் இரண்டரை என்று கேட்பீர்கள். ஆட்டோக்கார அண்ணன் பேரில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகளைத் தன் பிள்ளை மாதிரி பார்க்கிறார், மழையில் தார்ப்பாய் இறக்கிக் கட்டிவிட்டுத்தான் கிளம்புவார். ஆனால் ஒரே ஆட்டோ, அது கெட்டால் மாற்று கிடையாது. போன வருஷம் வண்டித் தகுதிச் சான்றுக்கு, அதான் எஃப்.சி.க்குப் போனபோது சேர்ந்தாற்போல ஒரு வாரம் வண்டி இல்லை. அந்த வாரம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளி பக்கமே போகவில்லை. வீட்டில் பைக் இருக்கிறவர்கள் கொண்டுபோய் விட்டார்கள், மற்றவர்கள் காலையில் நூறு நாள் வேலைக்குப் போகணும், மேஸ்திரி வேலைக்குப் போகணும், யார் கொண்டுபோய் விடுவது?

வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது, காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை, விடிந்ததும் வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் பிள்ளைக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் அது வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டு முடிப்பது. பழைய பள்ளியில் பிள்ளைகள் பல் விளக்கிய கையோடு ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது ஆட்டோ வந்தால்தான் சாப்பாடு. வண்டி இருபது நிமிஷம் தாமதமானால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஒரு புதன்கிழமை என் மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா இன்னைக்குப் பொங்கல், நாங்க போறப்ப அடிப்பிடிச்சதுதான் இருந்துச்சு, அக்கா அதைச் சுரண்டிக் குடுத்தாங்க" என்றாள். சமைக்கிற குழு அக்கா நல்ல மனசுக்காரர், பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு தூக்கில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். அதை அவரே செய்தார், எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. பள்ளியைச் சேர்க்கும்போது பாடத்தையும் வாத்தியாரையும் மட்டும் கணக்கில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். பள்ளியோடு சேர்ந்து சாப்பாடு நகர்கிறது, தடுப்பூசி நகர்கிறது, சத்துமாத்திரை நகர்கிறது, எல்லாமே அந்த ஆட்டோவில் ஏறிக்கொள்கிறது.

அடுத்த வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்லணும். 2024-ல் அவன் ஒன்றாம் வகுப்பு. அதுவரை அங்கன்வாடி, எங்கள் தெருவிலேயே, பாட்டி வாசலில் உட்கார்ந்தால் அவனுக்குத் தெரியும். திடீரென்று காலை ஏழே முக்காலுக்கு ஆட்டோ. ஐந்து வயதுப் பிள்ளை, பாதித் தூக்கம். முதல் மாதம் தினமும் அழுகை, இரண்டு தரம் வண்டியிலேயே சிறுநீர் போய்விட்டான், கூட வந்த பெரிய பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு ஆட்டோ ஹார்ன் கேட்டாலே ஓடி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். காய்ச்சல் வந்தால் பள்ளியிலிருந்து போன் வரும், அவன் அம்மா வேலை செய்கிற இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதே ஆட்டோவில்தான் என் மகளும் போனாள், அவளுக்கு அது உல்லாசப் பயணம் மாதிரி இருந்தது. ஒன்பது வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இவ்வளவு வித்தியாசம். நான் சொல்லவருவது இதுதான்: மூன்றாம் வகுப்புக்கு மேல் சேருங்கள், பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஒன்றையும் இரண்டையும் ஊரிலேயே விட்டுவையுங்கள். அங்கன்வாடிக்குப் பக்கத்திலேயே ஒரு டீச்சர் போதும்.

இப்படிச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரில் கண்ணால் பார்த்துவிட்டேன். 2025 ஜூனில் அந்தப் பையனை அவன் அப்பா டவுன் பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார். கடன் வாங்கித்தான் சேர்த்தார். ஏன் அண்ணே என்று கேட்டேன். "எப்படியும் வண்டியிலதான் அனுப்பணும். அதுக்கு வீட்டு வாசலுக்கே வர்ற வேன்ல அனுப்பிட்டுப் போறேன், டை கட்டி ஷூ போட்டுப் போகட்டும்மா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரசுப் பள்ளிக்கு எங்கள் மாதிரி ஊரில் இருந்த பெரிய பலமே பக்கத்தில் இருந்ததுதான். பிள்ளை நடந்து போகும், நடந்து வரும், மதியம் பாட்டி எட்டிப் பார்க்கலாம். அதை எடுத்துவிட்ட பிறகு, மஞ்சள் வேனுக்கு எதிரே பழைய ஆட்டோவை நிறுத்திப் போட்டி போடச் சொன்னால் யார் ஜெயிப்பார்கள்? முதல் வருஷம் 9 பேர் ஏறிய ஆட்டோவில் இப்போது 5 பேர். மூன்று பேர் தனியாருக்கு, ஒரு பெண்ணை அவள் பாட்டி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கன்வாடி முடித்த புதுப் பிள்ளைகளில் ஒருவர்கூட இந்த வண்டியில் ஏறவில்லை. பிள்ளைகள் குறைவு என்று சேர்த்தார்கள், சேர்த்ததால் இன்னும் குறைந்துவிட்டது.

பிள்ளைகள் குறைவது உண்மை, அதை மறுக்க முடியாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கிற குழந்தைகள் 1.4 என்று 2020 கணக்கிலேயே வந்துவிட்டது. என் கல்யாணத்தின்போது எங்கள் தெருவில் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டு ஓடிய கூட்டத்தில் கால்வாசி கூட இப்போது கிடையாது. 2019-ல் ஒரு பிள்ளை கூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றுவதாக அரசு சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் பார்த்தால் சேர்க்கையே இல்லாத அரசுப் பள்ளிகள் 200-ஐத் தாண்டிவிட்டன. எங்கள் ஊர்க் கட்டடம் காமராஜர் காலத்தில் கட்டியது என்று என் மாமனார் சொல்வார், ஊரே மண் சுமந்து கட்டியதாம். காமராஜர் முதல்வராக இருந்தபோது பள்ளி பிள்ளையைத் தேடி ஊருக்கு வந்தது. அப்போது பிள்ளைகள் நிறைய, பள்ளி குறைவு. இப்போது தலைகீழ். அதனால் ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுங்கள் என்று நான் சொல்லவில்லை, எப்படிச் செய்வது என்பதில்தான் என் சண்டை.

உத்தரப் பிரதேசத்தில் 2025-ல் நடந்ததைப் பாருங்கள். ஜூன் மாதம் பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை ஜோடி சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. சீதாப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகள் உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். முதலில் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார், பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அந்த மாவட்டத்தில் இருக்கிற நிலை தொடரட்டும் என்றது. ஜூலை முடிவில் அந்த மாநில அமைச்சரே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற பள்ளியோடு சேர்க்க மாட்டோம், 50 பேருக்கு மேல் படிக்கிற பள்ளியைத் தொட மாட்டோம் என்று அறிவித்தார். அங்கேயும் கடைசியில் தூரத்தில்தான் வந்து நின்றது. முதலிலேயே அந்தப் பாதையில் ஒரு தரம் நடந்து பார்த்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

வண்டிக்கான பணத்தையும் யோசிக்கணும். தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதி என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது, எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை என்பது அதன் அளவு. அந்தத் திட்டத்துக்கு மத்தியப் பங்கு உண்டு. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் வராமல், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பள்ளிக் கட்டடம் நிதி ஒரு வருஷம் வராவிட்டாலும் அங்கேயேதான் நிற்கும், சுண்ணாம்பு அடிக்காமல் இருக்கும், அவ்வளவுதான். வண்டி அப்படி இல்லை, டீசலுக்குக் காசு இல்லாத அன்றைக்கே நின்றுவிடும். பள்ளியை எடுத்துவிட்டு வண்டியைக் கொடுக்கிறவர்கள் நிரந்தரமான ஒன்றை வாங்கிக்கொண்டு வருஷா வருஷம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றைக் கொடுக்கிறார்கள், பெற்றோர்கள் இதைப் புரிந்துகொண்டு சம்மதிக்கணும்.

இன்னொன்றும் இருக்கிறது, வெளிப்படையாக யாரும் பேச மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது இன்றைக்கும் விஷயம்தான். ஆட்டோ முதலில் ஒரு தெரு வழியாகப் போனது, இரண்டு பெரிய பையன்கள் வண்டியைப் பார்த்து ஏதோ சொன்னார்கள், பிள்ளைகள் வீட்டில் சொல்லவே இல்லை, பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. புதுப் பள்ளி ஹெச்.எம். உடனே அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார், அதோடு நின்றது. அந்த ஹெச்.எம். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. இரண்டு ஊரைச் சேர்க்கும்போது இதையும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியாகணும், இரண்டு ஊர்ப் பெற்றோரும் ஒரே கூடத்தில்.

உங்கள் ஊருக்கும் இந்தப் பேச்சு வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். மழைக்காலத்தில் எந்த வழி என்று கேளுங்கள். வண்டி கெட்டால் மாற்று வண்டி யார் அனுப்புவார்கள், எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்டியில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் ஏறுவாரா என்று கேளுங்கள், எங்களுக்கு அது ஆறு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தை வண்டி நேரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பழைய கட்டடத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். எங்கள் பள்ளிதான் எங்களுக்கு வாக்குச்சாவடி, புயல் என்றால் ஒதுங்குகிற இடமும் அதுதான். போன வாரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், டீச்சர் சுவரில் வரைந்த தமிழ்நாடு மேப் மேலே ஓதம் ஏறி ராமேஸ்வரம் பக்கம் உரிந்துகிடக்கிறது.

போன அக்டோபர் கிராம சபையில் நாங்கள் ஒரு தீர்மானம் வைத்தோம். ஒன்று இரண்டு வகுப்புகளை மட்டும் பழைய கட்டடத்திலேயே ஒரு டீச்சரோடு நடத்தணும், மூன்று முதல் மேலே உள்ளவர்கள் பக்கத்து ஊருக்கே போகட்டும், வண்டி தொடரட்டும் என்று. 31 பேர் கையெழுத்து, அதில் தனியார் பள்ளிக்கு மாற்றிய அந்த அண்ணனும் ஒருவர், இளைய பிள்ளை அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு அவருக்கு. மனுவோடு இரண்டு போட்டோ வைத்திருக்கிறோம், ஒரே இடத்திலிருந்து எடுத்தது: மே மாதத்தில் கண்மாய்க்குள் ஓடுகிற பாதை, கார்த்திகையில் அதே இடத்தில் நிற்கிற தண்ணீர்.